கண்ணில் விளக்கெண்ணெய்

தொலைந்துபோன சாவியைத் தேடுகிறவனிடம், "கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்" என்று சொல்வது நம் வழக்கம். பரீட்சைத் தாள் திருத்துகிறவர், தேர்தலில் வாக்கு எண்ணுகிறவர், பிள்ளைக்குப் பெண் பார்க்கிறவர் எல்லோருக்கும் இந்த எண்ணெய் தேவைப்படுகிறது. நானும் என் கதைகளில் குறைந்தது பத்து மாமியார்களின் வாயில் இந்த வாக்கியத்தைப் போட்டிருக்கிறேன். ஆனால் வெகுநாளாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கண்ணில் எண்ணெய் விட்டால் பார்வை தெளியுமா, மங்குமா? எந்தப் பாட்டி இதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்?

போன கோடையில் அந்தப் பரீட்சையை நானே செய்யும்படி ஆயிற்று. விளக்கெண்ணெயை வைத்து அல்ல. அதன் சீமைப் பங்காளி என்று சொல்லத்தக்க ஒரு களிம்பை வைத்து.

நாங்கள் இருப்பது நெய்வேலி நகரியத்தில், ஒரு பழைய குவார்ட்டர்ஸில். என் கணவருக்கு அனல் மின் நிலையத்தில் உத்தியோகம். அவர் முதலில் வேலை பார்த்தது இங்கே எல்லாவற்றுக்கும் மூத்த நிலையத்தில். 1962-இல் சுழலத் தொடங்கிய அது 2020-இல் அடியோடு நின்றபோது, அவரைப் புதிய நிலையத்துக்கு மாற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் நெய்வேலியைக் கரி அப்பிய ஊராகக் கற்பனை செய்துகொண்டு பஸ் ஏறுகிறார்கள். வந்து இறங்கினால் நேர்கோடு போட்ட வீதிகள், வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், வாசலுக்கு வாசல் மரம், கொல்லையில் பலா. "இதுவா சுரங்க ஊர்?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்கள். சுரங்கத்துத் திசையில் மேல்மண்ணை அள்ளிக் குவித்த மேடுகளைக் காட்டிய பிறகுதான் அவர்களுக்கு வந்த காரியம் நிறைவேறின திருப்தி.

சித்திரை மாசத்தில் என் கண்கள் சண்டை பிடிக்க ஆரம்பித்தன. காலையில் விழித்தால் இமை விழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துத் திறப்பது பழைய கவரிலிருந்து தபால் தலையை உரிப்பது போல இருக்கும். அப்புறம் நாள் முழுவதும் மணல். சாயங்காலம் செக்கச் செவேல் என்று ஆகிவிடும். மளிகைக் கடைக்குப் போனால், 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் பாக்கிச் சில்லறையைக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார்.

நோய் வந்தவருக்கு வைத்தியர்கள் குறைவில்லை. எதிர் வீட்டு அம்மாள், "நெய்வேலி மண்ணுதான். வேறென்ன?" என்றாள். பிள்ளை, "கம்ப்யூட்டரை மூடி வைம்மா" என்றான். என் கணவர், "ராத்திரி ராத்திரியா கண் விழிச்சு எழுதினா?" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அவர் இரவு ஷிப்டுக்குப் போகிற வாரங்களில்தான் எங்கள் வீட்டில் என் தொடர்கதைகள் வளர்கின்றன. சமையற்கட்டின் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை எனக்கும் என் பாத்திரங்களுக்கும் நடுவில் எவரும் இல்லை. இருபது வருஷமாக என் சொத்து என்று சொல்லிக்கொள்ளும்படி இருப்பது இந்த மூன்று மணி நேரம்தான். அதை அவர் அறிவார்.

என் மாமியார் மட்டும் சந்தேகமே இல்லாமல், "ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் விடு. சூடு எறங்கிடும்" என்றாள்.

அத்தையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வயது எழுபத்தெட்டு. பிறந்த ஊர் இங்கேதான் என்று சொல்லலாம். ஆனால் கையை நீட்டிக் காட்ட முடியாது. 1950-களில் சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. மண்ணோடு ஊரையும் அள்ளியாகிவிட்டதால், அவள் ஓடி விளையாடிய தெரு இப்போது பள்ளத்துக்கு மேலே எங்கோ வெறும் காற்றில் இருக்கிறது. 1957 மே மாதத்தில் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைக்க வந்தபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வாள். பத்து வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கினாரா என்று கேட்டால், "நான் ஒல்லி" என்பாள்.

இந்த அத்தைக்கு ஏழெட்டு வருஷமாகக் கண்ணில் நீர் வடிகிறது. மாலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் ஒரு கண், அப்புறம் மற்றொரு கண் என்று ஒற்றிக்கொண்டே இருப்பாள். இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சொல்லி முடியாது. வீதியில் போகிறவர்கள் முதலில் அத்தையைப் பார்ப்பார்கள். பிறகு உள்ளே எட்டி என்னைப் பார்ப்பார்கள். ஒரு பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடும். கதைகளில் மருமகள்களுக்காக வாதாடுகிற எழுத்தாளியின் வீட்டு வாசலில், கண்ணீரும் கம்பலையுமாக ஒரு மாமியார்! மனசு இளகினவர்கள், "பிறந்த ஊரை நினைச்சு அழறாங்க, பாவம்" என்றார்கள். அது எனக்குக் கொஞ்சம் சாதகமான தீர்ப்பு. "வயசாச்சு, தண்ணி வடியுது. இதுக்கு ஒரு கதையா?" என்பாள் அத்தை.

என் கண்ணைக் காட்டுவதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டபோது அத்தையையும் காரில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு வறட்சி, அவளுக்கு வெள்ளம். இரண்டையும் ஒரே செலவில் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணம்.

டாக்டர் சின்னப் பெண். எங்கள் இருவர் கண்ணையும் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்" என்றாள். "உலர் கண்."

"எனக்கா?" என்றாள் அத்தை, கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே.

அந்த டாக்டர் செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்துவிட்டன. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காத எனக்கும் புரியும்படி எளிமையானவை. முதலாவது, மெல்லிய வடிதாள் துண்டு ஒன்று. ஐந்து மில்லிமீட்டர் அகலம், முப்பத்தைந்து மில்லிமீட்டர் நீளம். ஒரு முனையை மடித்துக் கீழ் இமையில் மாட்டிவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். காகிதம் எத்தனை தூரம் நனைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் 1903-இல் கொண்டுவந்த முறை. நூற்றிருபது வருஷம் ஆகியும் அதைத் தள்ளிவிடவில்லை. என் காகிதம் ஏழு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. பத்துக்கு மேல் போனால் கவலை இல்லையாம். அத்தையின் காகிதமோ பதினெட்டுவரை ஊறிவிட்டது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஜயித்த பெருமை இருந்தது.

ஆனால் இரண்டாவது சோதனையில் குட்டு வெளிப்பட்டது. கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, "இமைக்காதீங்க பாட்டி" என்றாள் டாக்டர். இமை திறந்தபின் கண்மீது பரந்த நீர்ப்படலம் எத்தனை விநாடி கிழியாமல் நிற்கிறது என்று எண்ண வேண்டும். பத்துக்குக் குறையாமல் நின்றால் நல்லது. அத்தைக்கு மூன்றே விநாடியில் கிழிந்துவிட்டது. கண்ணீர் மூக்குக்குள் வடிகிற குழாய் அடைத்திருக்கிறதோ என்று பார்ப்பதற்கு உப்புநீரையும் ஏற்றிப் பார்த்தாள். "தொண்டையில உப்பு கரிக்குது" என்று அத்தை முகத்தைச் சுளித்ததும், "அப்போ குழாய் சரியா இருக்கு" என்று டாக்டருக்குச் சந்தோஷம்.

விஷயம் இதுதான். நாம் கண்ணீர் என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று சரக்கு. கண்ணை ஒட்டி வழவழப்பான ஒரு சளிப்பூச்சு, அதன்மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணெய் ஏடு. மூன்றும் சேர்ந்தும் ஒரு தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான் தேறும். எண்ணெய் ஏடு இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும். அந்த எண்ணெயைச் சுரக்கிற சுரப்பிகள் இமை ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. மைபோம் என்பவர் 1666-இல் அவற்றை விவரித்து எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. அத்தைக்குத் தண்ணீர் தாராளம், எண்ணெய்தான் வற்றிவிட்டது. ஏடு இல்லாத கண் சீக்கிரம் காய்கிறது. காய்ந்ததும் "தண்ணீர், தண்ணீர்!" என்று மேலிடத்துக்குத் தந்தி அடிக்கிறது. மேலிடத்தில் மடையைத் திறந்துவிடுகிறார்கள். வறண்டு இறுகின வயலில் ஒரேயடியாக மழை கொட்டினால் மண்ணா குடிக்கும்? வரப்பைத் தாண்டி ஓடிவிடும். அப்படி ஓடுவதைத்தான் எங்கள் வீதி இத்தனை நாளும் மாமியார் கண்ணீர் என்று மதித்து வந்தது!

என் கதை வேறு. நாற்பதைத் தாண்டின பெண்களுக்குச் சுரப்பு குறைவது சகஜமாம். போதாததற்கு, ஒன்றை உற்றுப் பார்க்கும்போது மனிதர்கள் இமைக்க மறந்துவிடுகிறார்கள். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தரம் இமைக்கிறவர்கள், கணினித் திரைமுன் உட்கார்ந்தால் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேவர்கள் கண் இமைக்க மாட்டார்கள் என்பதை வைத்துத்தானே தமயந்தி சுயம்வரத்தில் நளனைக் கண்டுபிடித்தாள்! இரவு பத்து முதல் ஒன்று வரை நானும் தேவ ஜாதியில் சேர்ந்துவிடுகிறேன் போலிருக்கிறது.

"தூங்கும்போது இமை முழுசா மூடுதா?" என்று கேட்டாள் டாக்டர். அது எனக்கு எப்படித் தெரியும்? என் கணவரைப் பார்த்தேன். அவர் சற்றுத் தயங்கி, "கொஞ்சம் திறந்துதான் இருக்கும். கல்யாணம் ஆன நாள் முதலே" என்றார். இருபத்திரண்டு வருஷமாக நான் அவரைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழல, கீழே பாதி திறந்த கண். நெய்வேலிக் கோடையில் விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்க முடியுமா? எதிர் வீட்டு அம்மாள் பழி சுமத்திய மண்ணைவிட, எங்கள் படுக்கையறை விசிறிக்கே இதில் பங்கு அதிகம் என்று டாக்டர் அபிப்பிராயப்பட்டாள். மண்ணுக்குப் பங்கே இல்லை என்று அவள் சொல்லவில்லை. காற்று எழும் நாட்களில் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

பகலுக்குச் சொட்டு மருந்து. இரவுக்கு ஒரு சின்ன டியூப்பில் களிம்பு. அத்தைக்குக் கூடுதலாக, காலையில் இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம்.

களிம்பில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வெள்ளை மென் பாரபின், திரவ பாரபின், அவ்வளவுதான். சில கம்பெனிகளின் களிம்பில் ஆட்டு ரோமத்தின் கொழுப்பும் சேருமாம். மென் பாரபின் என்றால் வேறொன்றுமில்லை, சுத்திகரித்த வாஸ்லைன். அதன் பிறப்பு வேடிக்கையானது. செஸ்ப்ரோ என்ற இளைஞர் 1859-இல் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய இடத்துக்குப் போயிருந்தார். இறைக்கும் கருவியின் தண்டில் படிகிற கசடைத் தொழிலாளிகள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவிக்கொள்வதைக் கவனித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, 1872-இல் காப்புரிமை வாங்கினார். தன் தோலையே சுட்டுக்கொண்டு, அதன்மேல் இதைத் தடவிக் காட்டி விற்றாராம். தினம் ஒரு கரண்டி சாப்பிடுகிறேன் என்றும் சொல்லிக்கொண்டார். 96 வயது வரை இருந்து 1933-இல் காலமானார். அதே 1933-இல்தான் ஸ்வீடனில் ஷோக்ரென் என்ற கண் டாக்டர், கண்ணும் வாயும் உலர்ந்துபோன 19 பெண்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். பல்கலைக்கழகம் அதற்கு மேலான மதிப்பெண் தரவில்லை; அவர் போதகராகும் வாய்ப்பும் போயிற்று. இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான். மதிப்பெண் போட்டவர்களின் பெயரை யார் கேட்கிறார்கள்?

பூமியைத் தோண்டியெடுத்த கரியில் சாப்பாடு சாப்பிடுகிற வீட்டுக்கு, பூமியைத் தோண்டியெடுத்த எண்ணெயின் கசடு மருந்தாக வந்து சேர்ந்தது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று இரவு அத்தையின் கண்ணில் அந்தக் களிம்பைப் போட எனக்குக் கை வரவில்லை. காரணம், 2023-ஆம் வருஷத்துச் செய்தி ஒன்று. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன கண்சொட்டு மருந்து அது. நம்மைப் போல் கண் உலர்ந்தவர்கள் வாங்கி விட்டுக்கொண்ட செயற்கைக் கண்ணீர். அதோடு சம்பந்தப்பட்டு, பெரும்பாலான மருந்துகளுக்கு மசியாத ஒரு கிருமி பரவியது. அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் 18 மாநிலங்களில் 81 பேரைக் கணக்கெடுத்தது. 14 பேருக்குப் பார்வை போயிற்று. நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சொட்டு மருந்தைப் பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். சில நாளில் அதே தொழிற்சாலையின் கண் களிம்பையும் திரும்பப் பெற்றார்கள். எங்கள் டியூப் வேறு கம்பெனியுடையது. முத்திரை, காலாவதித் தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. டாக்டரும், "களிம்பில் தண்ணீர் கிடையாது, அதனால் கிருமி வளர்வது கஷ்டம். டியூப்பின் மூக்கு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து ஒரு மாசத்தில் தூக்கிப்போடுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அறிவு சமாதானம் ஆயிற்று, கை ஆகவில்லை. எழுபத்தெட்டு வயதில் அவளுக்கு இருப்பது இரண்டு கண். கண்புரை ஆபரேஷன் செய்து காப்பாற்றி வைத்த கண்கள் வேறு.

மருந்துகளும் மைகளும் கண்ணில் எரிகின்றனவா என்று பார்க்க உலகம் ஒரு வழி வைத்திருந்தது. 1944-இல் டிரெய்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த முறை. முயலைப் பிடித்து அதன் கண்ணில் போட்டுப் பார்ப்பது. முயல் நம்மைப் போல் அடிக்கடி இமைக்காது, கண்ணீரும் குறைவு. அதனால் போட்டது போட்ட இடத்தில் நிற்கும். அழகுசாதனங்களுக்கு இந்த மாதிரிச் சோதனையை நம் நாட்டில் 2014-இல் தடை செய்துவிட்டார்கள். நல்ல காரியம். எங்கள் வீட்டில் முயல் கிடையாது. அடிக்கடி இமைக்காத ஜீவன் நான் ஒருத்தி இருந்தேன்.

"ஒரு வாரம் நான் போட்டுப் பார்க்கிறேன் அத்தை. அப்புறம் உங்களுக்கு" என்றேன்.

"நீ என்ன, ராஜா வீட்டுச் சமையல ருசி பாக்கறவளா?" என்றாள்.

பரீட்சை என்று வந்துவிட்டால் முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா? வலது கண்ணில் மட்டும் களிம்பு. இடது கண்ணுக்குப் பகல் சொட்டு மருந்தோடு சரி. விசிறி, படுக்கை எதையும் மாற்றுவதில்லை. மாற்றினால் குணம் களிம்பாலா, விசிறியாலா என்று தெரியாமல் போய்விடும். டாக்டரிடம் போனில் கேட்டேன். சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தாள்.

முதல் நாள் இரவு கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடிமுன் நின்று, கீழ் இமையை இழுத்து, அரிசி மணி அளவு பிதுக்கி வைத்தேன். சில்லென்று விழுந்தது. எரிச்சல் இல்லை. நாலைந்து தரம் இமைத்ததும் உலகத்தின் வலது பாதி கரைந்துவிட்டது. குழல் விளக்குக்கு மீசை முளைத்தது. காலண்டரில் முருகனுக்கு ஆறு முகமும் சேர்ந்து ஒரே முகம் ஆயிற்று. ஆக, பாட்டிமார் வாக்குப் பொய். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் சாவி அல்ல, கதவே தெரியாது!

அந்த வாரம் என் கணவருக்கு இரவு ஷிப்டு. பத்திரிகைக்கு அத்தியாயம் போயாக வேண்டும். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் எழுதினேன். இரண்டு பக்கம் நகர்ந்தது, மண்டை இடித்தது. மூன்றாம் நாள் அளவைக் குறைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் இமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டதால் பழைய அளவுக்கே திரும்பினேன். தலையணை உறையில் தினம் ஓர் எண்ணெய் வட்டம். துவைப்பதற்குச் சோப்பு மட்டும் போதவில்லை, வெந்நீரும் வேண்டியிருந்தது. இதை எந்தக் கம்பெனியும் டியூப்பில் அச்சடிப்பதில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஓர் அதிசயம். கண் விழித்தேன், வலது இமை, கீலுக்கு எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஓசைப்படாமல் திறந்துகொண்டது. இடது இமையைத்தான் உரிக்க வேண்டியிருந்தது. ஏழாம் நாள் மளிகைக்கடைக்காரர் சில்லறையைக் கையில் கொடுத்தார். ஆனால் இடது பக்கம் திரும்பினபோது சற்றுப் பின்வாங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒருத்தி, ஒரு கண், ஏழு இரவு. இதை விஞ்ஞானம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது விஞ்ஞானம் அல்ல. அத்தையின் இமையை இழுத்துப் பிடிக்க ஒரு தைரியம். அது கிடைத்துவிட்டது.

எட்டாம் நாள் அத்தைக்குப் போட்டேன். மல்லாந்து படுத்தபடி, "என்னம்மா, வடலூர் சபையில ஏழு திரையையும் ஒண்ணாப் போட்டாப்பல இருக்கு!" என்றாள். வருஷந்தோறும் தைப்பூசத்துக்கு அங்கே போய், திரை ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரிவதைப் பார்த்து வந்தவள். காலையில் ஒத்தடம். துணியில் அரிசியை முடிந்து தோசைக்கல்லில் சூடு காட்டி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் இமைமேல் வைப்பேன். மூன்று வாரத்தில் வடிவது பாதிக்குமேல் குறைந்தது. அடியோடு நின்றுவிடவில்லை. காற்று அடிக்கிற மாலையில் இப்போதும் முந்தானை மேலே போகும். ஆனாலும் எதிர் வீட்டு அம்மாள் வலிய வந்து, "இப்பல்லாம் அத்தை சந்தோஷமா இருக்காங்க போல" என்று எனக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போனாள். கரிசலாங்கண்ணிக் கீரையாலும் இருக்கலாம் என்று அத்தை சொல்கிறாள். இருக்கட்டும்.

விளக்கெண்ணெயை அவள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இதில் அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உலர் கண்ணுக்கான சில மருந்துகளில் சுத்திகரித்த ஆமணக்கெண்ணெயையே நுண்ணிய துளிகளாக்கிச் சேர்க்கிறார்கள். அதைச் சொன்னதும், "பாத்தியா!" என்றாள். ஆனால் செக்கில் ஆட்டின எண்ணெயைச் சமையலறைப் பாட்டிலிலிருந்து கண்ணில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அந்த 14 பேரை நினைத்துக்கொள்வேன்.

இனி என் சொத்து விஷயம். ஒரு வாரம் கழித்து இரண்டு கண்ணிலும் போடும்படி ஆயிற்று. எழுதி முடித்துவிட்டு ஒரு மணிக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து முதல் ஷிப்டுச் சாப்பாடு கட்டுகிறவள் நான் என்பது டாக்டருக்குத் தெரியும். "நாலு மணி நேரத்தில் களிம்பு என்ன செய்யும்? இரண்டு மாசத்துக்குப் பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாசம் என்றால் எட்டு அத்தியாயம். வேறொருவராக இருந்தால், விடியற்காலையில் எழுதலாமே என்று யோசனை சொல்லியிருப்பார். நல்லவேளை, அவளும் சமைக்கிற பெண்.

விசிறிக்குத் தள்ளி அத்தையின் அறையில் எனக்கும் ஒரு பாய் விரித்துக்கொண்டேன். பத்து மணிக்கு இருவர் கண்ணிலும் களிம்பு. கதவுக்கு வெளியே வீதி விளக்கு பூசணிப் பூ மாதிரி மலர்ந்து நிற்கும். தூக்கம் வராது, இருபது வருஷப் பழக்கம். அப்படிப் படுத்திருந்தபோது ஒரு நாள், அத்தியாயத்தில் அடுத்து வரவேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அத்தை உம் கொட்டினாள். இப்போது தினம் நடக்கிறது. இருட்டில் சொல்வேன், மறுநாள் பகலில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், சொன்னதை எழுதிவிடுவேன். வாக்கியங்கள் முன்னைவிடக் குட்டையாகிவிட்டன. அது நல்லதா கெட்டதா என்று வாசகர்கள்தான் சொல்ல வேண்டும்.

அத்தை சுலபமான ரசிகை அல்ல. போன மாதம் ஒரு கட்டம். கதாநாயகி முப்பது வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிறாள். பிறந்த வீட்டுக் கிணறு தூர்ந்து கிடக்கிறது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். நன்றாகத்தான் சொன்னேன்.

"அவ ஏன் அழுவறா?" என்றாள் அத்தை.

"பிறந்த வீட்டுக் கிணறு இல்லையா அத்தை?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுக் கெணத்துக்குத் தொவைக்கற கல்லு தெக்குப் பக்கம். மேக்கால ஒரு நார்த்தை மரம்" என்றாள். "எல்லாம் போனப்பறம் எங்கப்பா ஒரு நாளு கூட்டிட்டுப் போயி காட்டினாரு. பெரிய பள்ளம். இங்கதான் இருந்திச்சின்னு கையக் காட்டினாரு. பாத்தோம். நேரமாச்சு, பஸ்சு போயிடும்னாரு. வந்துட்டோம். அவளும் பாத்துட்டு பஸ்சுக்குப் போவட்டும்."

மறுநாள் அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, அத்தியாயம் நன்றாக இருக்கிறது, கிணற்றடியில் மட்டும் கொஞ்சம் கண்ணீர் சேர்க்க முடியுமா என்று விசாரித்தார். அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.